கழற்றிய பேட்டைக் கொஞ்சம் பாருங்கள்

(சுமை வண்டி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாமக்கல்லுக்கு வந்து வண்டியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். லாரிக்குப் பாடி கட்டுவதிலிருந்து லாரியை வைத்துத் தொழில் நடத்துவது வரை இந்த ஊருக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அதனால் லாரியை விட்டுவிடுகிறேன். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், ஏர் பிரேக் எதையும் தொடப்போவதில்லை. இன்றைய பேச்சு பிக்கப் வண்டியைப் பற்றியது. முட்டை, தக்காளி, சிமெண்டு, கோழித் தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதைச் சொன்னாலும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி. பெரும்பாலும் ஓட்டுகிறவரே உரிமையாளராகவும் இருக்கிற வண்டி. அதன் முன் சக்கரங்களில் இருக்கிற நான்கு பிரேக் பேட்களை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு.

மாற்றுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் அதைவிட அதிக நேரம் கழற்றியதைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒர்க் ஷாப்பில் விட்டால் புது பேட்டைப் போட்டு, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, பில்லைக் கையில் கொடுப்பார்கள். நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள், மலையில் எப்படி இறங்குகிறீர்கள், எந்தச் சக்கரம் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறது என்ற விவரமெல்லாம் அந்தப் பழைய பேட்டோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். வீட்டில் மாற்றினால் கூலி மிச்சம் என்பார்கள். அது சின்னத் தொகை. பழைய பேட் உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான் லாபம்.

முதலில் ஒரு கணக்கு. வண்டியும் லோடுமாக 3 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறீர்கள். ஓட்டத்தில் இருந்த ஆற்றல் முழுக்கச் சூடாக மாறி, பெரும்பங்கு முன் டிஸ்க்கில் இறங்குகிறது. அந்தச் சூட்டை வைத்துக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரே ஒரு தடவை நிறுத்தியதற்கு இவ்வளவு. வேகம் 80 என்றால் சூடு ஒன்றே முக்கால் மடங்கு, ஏனென்றால் இந்தக் கணக்கில் வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும்.

இப்போது நம் கொல்லிமலைக்கு வாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அதே 3 டன் வண்டி மேலிருந்து அடிவாரத்துக்கு வந்து சேரும்போது கழித்துவிட்டு வர வேண்டிய ஆற்றல், 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 60-இல் ஓடுகிற வண்டியை 70 தடவை நிறுத்துவதற்குச் சமம் அது. வளைவுக்கு ஒன்று! கணக்கு இப்படிப் பொருந்தி வந்தது தற்செயல்தான். ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. இந்த நூறு லிட்டரில் இஞ்சின் எவ்வளவு வாங்கிக்கொள்ள வேண்டும், பேட் எவ்வளவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் இடது கையில் இருக்கிற கியர் ராடுதான் முடிவு செய்கிறது.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்ணே" என்று சொல்கிற தம்பிகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். இன்றைய காமன் ரயில் டீசல் இஞ்சினில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஊசி அடிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றிக்கொண்டு வரும். நியூட்ரலில் விட்டால், இஞ்சின் அணையாமல் ஐடிலில் ஓடுவதற்கு டீசல் எரிந்தே ஆக வேண்டும். ஆகவே நியூட்ரலில் டீசலும் போகிறது, பேட்டும் போகிறது. இஞ்சினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். நின்ற இஞ்சினோடு இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிடும்.

டிஸ்க் பிரேக் நமக்குப் புதுசாகத் தெரிகிறதே தவிர, யோசனை பழையது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது செம்புப் பேட். டிஸ்க்கில் உரசினால் ஊரைக் கூட்டுகிற கிறீச்சல். ஐம்பது வருடம் கழித்து, 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார்கள் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊர்க் கணக்கைப் பார்த்தால், சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் 1960-களிலிருந்தே பிரேக்கும் லைனிங்கும் செய்கிற பெரிய ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவின் பாதி ரோடு தமிழ்நாட்டுப் பிரேக்கை நம்பி ஓடுகிறது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகை. ரொம்ப மிகை இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நம் பிக்கப் வண்டிகளில் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்று முன்னால் மட்டும்.

லோடை இறக்கிவிட்டு, சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். மண் தரை வேண்டாம், ஜாக்கி புதையும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. அதைப் போட்டு, கியரிலும் விட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டியையே ஆட்டுவீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாதவர்கள் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, சட்டென்று பொடியாகும். கனமான மரக்கட்டைகளை அடுக்கி வையுங்கள். கழற்றிய சக்கரத்தையும் சேஸிசுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்; எல்லாம் கைவிட்டாலும் அது காப்பாற்றும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் காலிப்பர் வெளியே தெரியும். அதன் முதுகில் இரண்டு போல்ட். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டுக் காலிப்பரை மேலே மடக்கிவிடலாம். முழுக்க எடுப்பதாக இருந்தால் கம்பியால் ஸ்பிரிங்கிலோ சேஸிசிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே கிழியும், வெளியே தெரியாது. ஒரு பக்கத்தைக் கழற்றி முடித்து மாட்டிய பிறகு மறுபக்கத்துக்குப் போங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே இருக்கிற கறுப்புத் தூளை வாயாலோ ஏர் ஹோஸாலோ ஊதாதீர்கள். கல்நார் கலந்த பழைய லைனிங்குகள் இன்னும் புழக்கத்தில் உண்டு; அந்தத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். டீசலில் கழுவுகிற பழக்கமும் வேண்டாம். டீசல் காய்ந்தாலும் பிசுக்கு போகாது, ரப்பரையும் கெடுக்கும். பிரேக் கிளீனர் ஸ்பிரே கடையில் கிடைக்கிறது.

பழைய பேட் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். சி கிளாம்ப் ஒன்றைப் பழைய பேட்டின் மேல் வைத்து மெதுவாகத் திருகினாலே போகும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ரப்பர் பூட் கிழியும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் பிரேக் ஆயில் நிரம்புகிறது. ஆகவே மேலே டப்பாவில் அளவு குறைகிறது. "ஆயில் குறையுது" என்று பலரும் ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பேட் தேய்ந்துவிட்டது என்று வண்டி கொடுத்த தகவலை அழித்த மாதிரி அது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஊற்றியதெல்லாம் பொங்கி வழிந்து, பட்ட இடத்தில் பெயிண்டை உரிக்கும். தள்ளுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அசையவே மறுத்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

காலிப்பர் நகர்வதற்கு இரண்டு சிலைடு பின் இருக்கும். இந்தப் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். சேஸிசுக்கு அடிக்கிற கிரீஸை இதில் வைத்தால் சூட்டில் உருகும், ரப்பர் ஊதிப்போகும். புது பேட்டின் உரசும் முகத்தில் கைப்பிசுக்கு கூடப் படக்கூடாது. எண்ணெய் குடித்த பேட்டை மண்ணெண்ணெயில் கழுவி, தீயில் வாட்டிப் போடுகிற வித்தையெல்லாம் பார்த்திருப்பீர்கள். அது குப்பைதான், வேறு வாங்குங்கள். மாற்றும்போது இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். டிஸ்க்கையும் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியரால் அளந்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கிற விளிம்பு உங்களை ஏமாற்றும். உள்ளே தள்ளி, பேட் உரசுகிற இடத்தில் அளக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே இருக்கிறது. நின்ற இடத்திலேயே பெடலை மெதுவாகப் பல தடவை மிதித்து, கெட்டியான பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். இந்த ஒன்றை மறந்து வாசலிலேயே சுவரில் மோதிய வண்டிகள் உண்டு. வீல் நட்டை எதிரெதிராக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பவும் ஒரு முறை சரிபாருங்கள்.

மாற்றும் வேலை இவ்வளவுதான். இனி நான் பேச வந்தது.

கழற்றிய நான்கு பேட்களையும் ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள். இடது வெளி, இடது உள், வலது உள், வலது வெளி. கழற்றும்போதே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எது எதுவென்று தெரியாது. புதிதில் லைனிங் பத்து மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். நான்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் மகராசனாக இருங்கள், புதுசைப் போட்டுவிட்டுப் போங்கள்.

உள் பேட் தகடு வரை போயிருக்கிறது, வெளிப் பேட் பாதி மிச்சம் இருக்கிறது என்றால் சிலைடு பின் இறுகிவிட்டது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள் பக்கம் மட்டுமே. அது உள் பேட்டைத் தள்ளும். அந்த விசையில் காலிப்பர் உடம்பே பின்மேல் நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்துக் கொடுக்கும். பின் இறுகினால், நுகத்தடியில் ஒரு மாடு படுத்துக்கொண்டு மற்றது இழுக்கிற கதையாகிவிடும். இதைக் கவனிக்காமல் புது பேட்டைப் போட்டால் அதுவும் அப்படியே போகும். "கம்பெனி பேட் சரியில்ல" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்டும் தீர்ந்து, அடுத்த சக்கரத்தில் தடிமனாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தீர்ந்த பக்கம் பிஸ்டன் திரும்பி வராமல் எப்போதும் உரசிக்கொண்டிருக்கிறது. அல்லது தடித்த பக்கம் வேலையே செய்யவில்லை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல், சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். கொதிக்கிற பக்கம் உரசுகிறது. ஹோஸ் உள்ளே ஊதிப்போயிருந்தாலும் இப்படி ஆகும். ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் பிராக்கெட்டில் துரு பிடித்து பேட் நகர முடியாமல் சிக்கியிருக்கிறது. கம்பி பிரஷ் போதும். முகம் கண்ணாடியாகப் பளபளக்கிறது, டிஸ்க்கில் நீலம் ஓடியிருக்கிறது, லைனிங் ஓரம் பொரிந்து உதிர்கிறது என்றால் சூடு. அது வண்டியின் குறை இல்லை. ஓட்டுகிறவருக்கு வந்த கடிதம்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு ஒன்று. நான்கு பேட்டும் சமமாகத்தான் தேய்ந்திருக்கும். ஆனால் சீக்கிரம் தேய்ந்திருக்கும். பின் டிரம்மைத் திறந்தால் ஷூ புதுசு மாதிரி இருக்கும். அப்படியானால் பின் பிரேக் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் இது நடந்தால், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருப்பார்கள்.

பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு மேல் எல்.எஸ்.பி.வி. என்று ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசு. அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழற்றி அடிக்கும். அதனால் வால்வு பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைக் குறைத்து விடுகிறது. லோடு ஏற்றினால் சேஸிஸ் கீழே இறங்கும், கம்பி நகரும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுக்கும். பட்டை எவ்வளவு வளைகிறதோ அதுதான் அந்த வால்வுக்குத் தெரிந்த எடை. வேறு தராசு அதனிடம் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? ஆர்.சி.யில் இருக்கிற எடைக்கு மேல் ஏற்றுவதற்காக இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகுகிறோம். இரண்டரை டன் ஏற்றினாலும் சேஸிஸ் இறங்குவதில்லை. வால்வு வண்டியைக் காலி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை அடக்கி வைக்கிறது. அதிக எடை, அதே நேரத்தில் குறைந்த பிரேக். மொத்தச் சுமையும் முன் பேட்டில் விழுகிறது. அந்தக் கம்பியைக் கழற்றி ஒயரால் கட்டி வைத்திருக்கிற வண்டிகளும் ஓடுகின்றன. முன் பேட் சீக்கிரம் தீர்கிறதே என்று விலை கூடிய பேட் வாங்கிப் பயனில்லை. பட்டையை எடுங்கள், அல்லது அந்த வண்டிக்கு வால்வைத் திரும்பச் சரிசெய்யத் தெரிந்த இடத்தில் விடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. டாட் 3, டாட் 4 என்று வருகிற ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகித் தரை தட்டும். பேட் சூடேறி வழுக்குவது வேறு நோய்: அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கெட்டி பெடல் என்றால் பேட் சூடு, பஞ்சு பெடல் என்றால் ஆயில் சூடு. மலையில் இரண்டில் எது வந்தாலும் கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், பழுத்த டிஸ்க் விரிசல் விடும். கொல்லிமலை போகிற வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுவது நல்லது. ஆயில் மாற்றி ஏர் எடுக்கிற வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். குழாயைத் திறக்காதவரை பேட் மாற்றுவதற்கு அது தேவைப்படாது.

புது பேட் போட்ட அன்றே மலைக்கு லோடு எடுக்காதீர்கள். காலி வண்டியை ஆளில்லாத ரோட்டில் 50-இலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து, விட்டு, கொஞ்சம் ஓட்டி ஆற்றி, மறுபடி பிடித்துப் பத்துத் தடவை பழக்குங்கள். பேட்டும் டிஸ்க்கும் முழு முகத்தோடு சேர அவ்வளவாவது வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். வெளிப் பேட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "இருக்குது" என்று மூடிவிடாமல், உள் பேட்டையும் பாருங்கள். நான்கில் எது ஒன்றாவது 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், திங்கட்கிழமை லோடுக்கு வேறு வண்டியைச் சொல்லிவிடுங்கள்.